குப்பைமேனியிலிருந்து ஆன்டிபயாடிக் எடுக்க முடியாதா?

மன்னார்குடிக்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரை. வரப்பில் கருவேல முள் குத்திய இடம் புண்ணாகி ஆறவே இல்லை. சீழ் எடுத்து கல்ச்சர் பார்த்தார்கள், ரிப்போர்ட்டில் பதினான்கு மருந்தில் பதினொன்றுக்கு நேரே 'ஆர்', அதாவது கேட்காது. இப்போது ஊசி ஓடுகிறது. பெரியம்மா குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கட்டச் சொல்கிறார். இத்தனை பச்சிலை வைத்திருக்கிறோமே, இதிலிருந்து ஏன் புது மருந்து வரவில்லை?

தஞ்சை லேப் அக்கா:
தம்பி, சர்க்கரைக்காரர் காலில் திறந்த புண், எதையும் அரைத்துக் கட்டாதீர்கள். இலையோடு மண்ணில் இருக்கிற கிருமியும் உள்ளே போகும். தட்டில் கிருமியை வளர்த்து இலைச் சாறு விட்டால் சுற்றிலும் வளராத வட்டம் விழத்தான் செய்யும், ஆனால் அவ்வளவு சத்து இரத்தத்தில் சேர வேண்டுமே. மஞ்சளின் குர்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதே இல்லை. மரமஞ்சளில் இருக்கும், கிருமியை எதிர்க்கிற பெர்பெரின் என்ற பொருளை ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, போர் மோட்டார் தண்ணீரை இறைக்கிற மாதிரி, வெளியே தள்ளிவிடும். பெர்பெரின் உள்ள வேறு செடிகளில் அந்த மோட்டாரை அடைக்கிற இன்னொரு பொருளும் கூடவே இருப்பதை 2000-ல் கண்டுபிடித்தார்கள். பச்சிலை வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். தனியாக வேலை செய்வதைவிட மருந்துக்குத் துணையாக நிற்கும் என்பதுதான் என் நம்பிக்கை.

வண்டல்:
இலைக்குக் கீழே மண்ணைப் பாருங்கள். முதல் மழைக்கு எழும் மண்வாசனையே ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின்தான். 1943-ல் டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது அந்த இனத்திலிருந்து, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்தது போர்னியோ மண்ணிலிருந்து. அப்புறம் ஏன் நின்றுபோனது என்றால், மண் கிருமிகளில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளராது, வளர்வதையே எடுத்து எடுத்துப் பழைய மருந்தே திரும்பத் திரும்ப வந்தது. 2015-ல் அமெரிக்காவில் கிருமியை அதன் மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்த்து டெய்க்ஸோபாக்டின் என்ற புது ஆன்டிபயாடிக்கை எடுத்தார்கள். ஆனால் கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளியே இன்னொரு உறை உண்டு, அதைத் தாண்டி இது போகாது. என்னைக் கேட்டால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றைத்தான் முதலில் தேடச் சொல்வேன், உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இடத்தில் வாழ்கிற கிருமிகள் வேறு மாதிரி இருக்கும்.

மன்னார்குடிக்காரன்:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், கிளெப்சியெல்லாதான். பச்சிலை கட்டவில்லை அக்கா. ஓடுகிற ஊசி அமிகாசின்.

வண்டல்:
அதுவும் மண்தான் தம்பி. ஜப்பான் மண்ணில் கிடைத்து 1957-ல் வெளிவந்த கானமைசினை மாற்றிச் செய்தது. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஒரு ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.