டிஸ்கோ பாடிய பெய்ஜிங் பெண்ணும் எங்கள் குடும்பக் குழுவும்

கயல்: பெரியப்பா, காலையில் அனுப்பிய பாட்டைக் கேட்டீர்களா?

ராசு பெரியப்பா: தேன்கூடு மாதிரித் தலைமுடி வைத்திருக்கும் அந்தச் சீனப் பெண்தானே? கேட்டேன். இந்த வயதில் எனக்கு எதற்கம்மா டிஸ்கோ?

கயல்: அவர் பெயர் ஜாங் சியாங். 1967இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1985இல் 'டோக்கியோ இரவு' என்ற முதல் கேசட் வந்தபோது பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அது 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

செல்வி சித்தி: சீனாவில் அப்போது டிஸ்கோவா? நம்ப முடியவில்லையே.

முகில்: கதையே அங்கேதான் இருக்கிறது, சித்தி. காசு வாங்கி நடத்தும் நடன அரங்குகளுக்கு 1980இல் அரசு தடை போட்டது. 1987இல்தான் முறையாக அனுமதி கொடுத்தது. நடுவில் 1983இல், மேல்நாட்டுப் பாணிகள் மனத்தைக் கெடுக்கின்றன என்று 'ஆன்ம மாசு எதிர்ப்பு' என்ற பெயரில் அரசின் இயக்கம் வேறு. சுருட்டை முடி, பெல்பாட்டம், தைவான் பாடகி தெரசா டெங்கின் காதல் பாட்டு எல்லாமே அதன் கண்ணில் குற்றம்.

செல்வி சித்தி: அடுத்த இரண்டாம் ஆண்டிலேயே அதே சுருட்டை முடியோடு இவர் கேசட் போட்டாரா! கெட்டிக்காரிதான்.

கயல்: அதிலும் பாருங்கள் சித்தி, அன்று பாடகர் என்றால் பெரும்பாலும் ஏதாவது அரசுக் கலைக்குழுவில் சம்பளத்துக்கு இருப்பவர்கள். லி குயி என்ற பெரிய பாடகியே மூச்சுக் காற்று கலந்த குரலில் ஒரு பாட்டைப் பாடியதற்காக 1980 வாக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜாங் சியாங்குக்குப் பெரிய குழுவின் ஆதரவு கிடையாது. கேசட்தான் அவரை ஊர் ஊராகக் கொண்டு போனது.

ராசு பெரியப்பா: அதெல்லாம் சரி. ஆனால் பாட்டு அவருடையது இல்லையே! மெட்டுகள் வெளிநாட்டில் எடுத்தவை, சொற்கள் மட்டும் சீனம். அடுத்தவன் மெட்டைப் பாடிப் பெயர் வாங்குவது கலையா?

முகில்: அன்று அங்கே பலரும் அதைத்தான் செய்தார்கள், பெரியப்பா. சீனாவில் காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1991 ஜூனில்தான். பல நாடுகள் சேர்ந்த பெர்ன் காப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1992இல்.

ராசு பெரியப்பா: சட்டம் இல்லை என்பதால் நியாயம் ஆகிவிடுமா?

கயல்: ஆகாது. மெட்டுக்காரருக்குப் போக வேண்டியது போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரலை யாரிடமிருந்து எடுத்தார்? சோம்பலாக, கொஞ்சம் மூக்கால், பக்கத்து வீட்டுப் பெண் வேலை செய்துகொண்டே முணுமுணுப்பது போலப் பாடுவார். எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடிய நாட்டில் அது புதிது. விடலைப் பிள்ளைகள் அதற்குத்தான் மயங்கினார்கள்.

செல்வி சித்தி: பிறகு என்ன ஆயிற்று? அதைச் சொல்லுங்கள், எனக்கு உலை கொதிக்கிறது.

கயல்: 1980களின் பிற்பகுதியில், புகழ் உச்சத்தில் இருக்கும்போதே படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பாடினார், ஆனால் காலம் மாறியிருந்தது. ராக் வந்துவிட்டது, ஹாங்காங், தைவான் நட்சத்திரங்கள் வந்துவிட்டார்கள்.

முகில்: 2013இல்தான் மறுபடியும் வெளிச்சம். 'நியூ பேண்ட்ஸ்' என்று பெய்ஜிங்கில் ஒரு ராக் குழு. அதன் பாடகர் பெங் லெய்யும் கூட்டாளிகளும் இவருக்காகவே பாட்டு எழுதி ஓர் இசைத்தொகுப்பு போட்டார்கள். அதன் பெயர், 'டிஸ்கோ என்றால் என்ன என்று இனி என்னிடம் கேட்காதே'.

ராசு பெரியப்பா: ஓகோ! திமிரான பெயர்.

கயல்: உங்களுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார், பெரியப்பா 😄 நான் காலையில் அனுப்பியதும் அந்தத் தொகுப்பிலிருந்துதான். ரஷ்யப் பெயர்களையும் டிராக்டரையும் கோத்துக் கேலியாகப் பாடுவார். அது இரவல் மெட்டு இல்லை.

ராசு பெரியப்பா: அப்படியா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நாற்பத்தாறு வயதில் பாடியதா இது?

முகில்: ஆமாம். இப்போது அவர் பாட்டுக்கு ஆடுகிறவர்கள் பலர் அந்தப் பழைய கேசட் வந்தபோது பிறக்கவே இல்லை.

ராசு பெரியப்பா: சரி, இந்தப் பாட்டை ஏற்றுக்கொள்கிறேன். 1985 கேசட்டைப் பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

செல்வி சித்தி: அண்ணா, நீங்கள் அந்தக் கேசட்டைக் கேட்டீர்களா?

ராசு பெரியப்பா: இல்லை.

கயல்: அனுப்புகிறேன், இருங்கள்.