புதுப்பிப்பு: திரையை அணைத்தால் கமடோர் 64 வேகமெடுப்பது ஏன்?

போன வாரம், கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் திரையை அணைத்துவிட்டு ஓட்டினால் என் பேசிக் மொழி நிரல் விரைவாக முடிகிறது என்று எழுதி, நினைவகம்தான் காரணமா என்று கேட்டிருந்தேன். நினைவகம் அல்ல, அதைப் பங்குபோடும் விதம்தான் காரணம். விடை கிடைத்த மகிழ்ச்சியில் எழுதுகிறேன்.

செயலியும் விக்-2 படச் சில்லும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. வழக்கமாகக் கடிகாரச் சுற்றின் ஒரு பாதி சில்லுக்கு, மறுபாதி செயலிக்கு, மோதலே இல்லை. அழகான ஏற்பாடு! ஆனால் எழுத்து வரிசை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 40 எழுத்துகளைப் படிக்க அந்தப் பாதி போதாது. சில்லு செயலியை நிறுத்திவைத்து, 40 முதல் 43 சுற்றுகளை எடுத்துக்கொள்கிறது. பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான கணினியில் திரையின் ஒரு கிடைக்கோட்டுக்கு மொத்தமே 63 சுற்றுகள்தான்.

ஒரு சட்டகத்தில், அதாவது திரையின் ஒரு முழுப் படத்தில், இப்படி 25 கோடுகள். 19,656 சுற்றுகளில் ஆயிரத்துக்கும் மேல் போய்விடுகிறது, அதாவது சுமார் 5 விழுக்காடு. 53265ஆம் நினைவக முகவரியில் 11 என்று எழுதித் திரையை அணைத்தால் அத்தனையும் செயலிக்கே திரும்புகிறது.

ஸ்பிரைட்டுகள் எனப்படும், திரையில் தனியே நகரும் சிறு படங்களைத் தனியாக அணைக்க வேண்டும். திரை இருண்டிருந்தாலும் அவை ஒவ்வொன்றும் தான் இடம்பெறும் கோட்டுக்கு 2 சுற்றுகள் பிடுங்கும். ஒலிநாடாவிலிருந்து நிரலை ஏற்றும்போது திரை தானாகவே மறைவதும் இதனால்தான்: நாடாவிலிருந்து வரும் துடிப்புகளை அளக்கும் செயலி இடையில் நிற்கக் கூடாது.