கூரையில் சோலார் போட்டால் நிலக்கரி ஆலையை மூடிவிடலாமா?

பிறைவாசி:
2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று மலேசிய அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. சரி, ராத்திரிக்கு என்ன வழி? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வீடு ஏர்கோன் ஓடுகிறது. ஜொகூரில் வரிசையாக எழும்பும் தரவு மையங்களுக்கோ இரவு, பகல் எதுவும் கிடையாது. பேராக்கில் உள்ள மஞ்சோங் நிலக்கரி மின் ஆலையை மூடச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜெலுத்தோங் மீனா:
அண்ணே, தீபகற்ப மலேசியாவில் மின்தேவை உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் பிற்பகலில். ஆபீஸ், தொழிற்சாலை, பேரங்காடி எல்லாம் ஒன்றாகக் குளிரூட்டும் நேரம். வெயிலும் அப்போதுதான் இருக்கிறது. கூரைகள் அந்தச் சுமையை ஏற்றால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். அந்த நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருவது. 2022இல் உக்ரேன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் டன் 400 டாலரைத் தாண்டியது. நம் வீட்டு பில் ஏறாமல் தாங்கியது மானியம், அதாவது நம் வரிப்பணம்.

பிறைவாசி:
என் கூரையிலும் சோலார் இருக்கிறது தங்கச்சி. மூன்று மணிக்கு மழை கட்டினால் இன்வெர்ட்டர் திரையைப் பாருங்கள்: 4 கிலோவாட் காட்டிய எண் சில நிமிடத்தில் 1க்குக் கீழே விழும். வெயில் கொளுத்தினாலும் நஷ்டம்தான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தகட்டின் திறன் 0.3, 0.4 விழுக்காடு குறையும். தகடு 60 டிகிரிக்குச் சுடும்போது பத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு.

செந்தூல்காரன்:
அப்படியானால் அணை கட்டலாமே? சரவாக்கில் பாக்குன் அணை ஒன்றே 2,400 மெகாவாட்.

ஜெலுத்தோங் மீனா:
பாக்குனுக்காக ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு நிலம் மூழ்கியது. சுமார் 10,000 பேரை சுங்கை அசாப்புக்குக் குடிபெயர்த்தார்கள். ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் தமிழ்ச் சனத்துக்கு அந்த வலி தெரியாதா? சரவாக் மின்சாரத்தைத் தீபகற்பத்துக்குக் கொண்டுவரக் கடலடியில் கேபிள் போடும் திட்டமும் நடக்கவில்லை. புது அணை வேண்டவே வேண்டாம். இருக்கிற நீர்த்தேக்கங்களில் சோலாரை மிதக்க விடலாம். பகலில் அது ஓடும்போது தண்ணீரைத் திறக்காமல் வைத்தால், அதே தண்ணீர் ராத்திரிக்கு டர்பைனைச் சுற்றும். மின் நிறுவனமான தெனாகா தன் அணைகளில் 2,500 மெகாவாட்டுக்கு இதைத்தான் திட்டமிட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட ராத்திரிக்குப் பதில் இதுதான் அண்ணே.

பிறைவாசி:
நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எல் நினோ வறட்சியில் தேக்கம் இறங்கினால்? எரிவாயு ஆலைகளாவது இருக்கட்டும் என்கிறேன்.

ஜெலுத்தோங் மீனா:
வறட்சிக்கு இருக்கட்டும். தரவு மையங்களைக் காட்டிப் புதிது புதிதாக எரிவாயு ஆலை கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். தரவு மையக்காரர்கள் அனுமதி கேட்டு வரும்போதே சோலாரும் பேட்டரியும் அவர்கள் செலவில் வைக்கச் சொல்ல வேண்டும்.