ஃபார்மெட் ஆன கார்டிலிருந்து ரா கோப்பை மீட்க வேண்டும் (பெங்களூரு)

மாநில வனவிலங்கு இதழ் ஒன்றின் இயற்கைப் புகைப்படப் போட்டியில் என் படம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. இப்போது சரிபார்ப்புக்கு ரா கோப்பை (கேமரா பதிந்த, எந்த மாற்றமும் செய்யாத மூலக் கோப்பு) கேட்கிறார்கள். 10 நாள் கெடு. என்னிடம் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச்சில் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் படகிலிருந்து எடுத்த படம். பாறை மேல் ஆண் ஆற்று ஆலா (ரிவர் டெர்ன் பறவை) தன் இணைக்கு மீன் ஊட்டுகிறது; மீனின் வால் மட்டும் பெண்ணின் அலகுக்கு வெளியே வளைந்து நிற்கிறது. சற்றுத் தள்ளி ஒரு முதலை, தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல. இன்னொரு முறை கிடைக்கிற படமா இது?

கேமரா நிக்கான் டி5600, 64 ஜிபி எஸ்டி கார்டு. ஜேபெக்கை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, ராவைக் கார்டிலேயே விட்டுவைத்தேன், சோம்பல்தான். போன வாரம் அக்கா மகன் கார்டைச் செருகி, 'ஃபார்மெட் செய்யவா?' என்று கேட்டதற்குச் 'சரி' கொடுத்துவிட்டான். அது தெரியாமல் மறுநாள் லால்பாகில் நானும் அதே கார்டில் 20 படம் எடுத்தேன். ஃபார்மெட்டைவிட இதுதான் பெரிய தவறு; புதுப் படங்கள் பழையவற்றின் மேலேயே பதிந்துவிடலாமே.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களையும் முயன்றேன். ரெக்குவாவில் கோப்பின் பெயர் தெரிகிறது, திறக்கவில்லை. போட்டோரெக் மீட்டதில் மேல் பாதி தெளிவு, கீழே வெறும் சாம்பல் பட்டை. எஸ்.பி. சாலையில் ஒரு கடையில் கைவிரித்தார்கள். இன்னொன்றில் உத்தரவாதம் இல்லாமல் 9,000 ரூபாய் என்றார்கள். இனி எதுவும் பதியாதபடி கார்டின் பூட்டைத் தள்ளி, தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிப் பாதி சிதைந்த நிக்கான் ரா கோப்பை முழுதாக மீட்டுக் கொடுத்தவர் பெங்களூரில் உங்களுக்குத் தெரிந்து யாராவது உண்டா?