மகனுக்கு மடங்கும் போன் மோகம்: விடுவதா, பிடிப்பதா?

செங்காங் அப்பா
என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் உறையில் போட்டு வந்த அங்பாவ் அன்பளிப்புக் காசையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான். இப்போது கையில் இருக்கும் போனை விற்று, அந்தக் காசையும் போட்டு மடங்குகிற போன் வாங்க வேண்டுமாம். பழைய போனில் ஒரு கீறல்கூட இல்லை. செப்டம்பரில் ஆப்பிளின் புதுப் போன் அறிமுகம் சிங்கப்பூர் நேரப்படி நள்ளிரவு ஒரு மணிக்கு. மறுநாள் பள்ளி இருந்தும் போர்வைக்குள் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தான். எந்தச் சிப்பில் எத்தனை கோர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தனிம அட்டவணையைக் கேட்டால் முழிக்கிறான். காசு அவனுடையதுதான். அதற்காக விட்டுவிடலாமா?

பழைய சிம்லிம்
விடுங்கள் அண்ணே. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி, கடைக்காரர்கள் நீட்டும் விலைப்பட்டியல் தாள்களை அள்ளிவந்து, எந்தக் கடையில் கணினிக்கான ராம் நினைவகம் பத்து வெள்ளி குறைவு என்று வட்டம் போட்ட கூட்டம் நாங்கள். எங்கப்பாவும் பைத்தியம் என்றுதான் திட்டினார். இன்று தரவு மையத்தில் வேலை, அந்தப் பைத்தியம்தான் சோறு போடுகிறது. 1981ல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கிற சின்னக் கடையாக ஆரம்பித்ததுதான் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம். 1989ல் அவர்களின் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வந்தது. பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த கணினிகளை உலகம் முழுக்கப் பாட வைத்தது நம்ம ஊர்ச் சரக்கு. பிள்ளைகளின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளினால் அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?

தெம்பனிஸ் அக்கா
சிம் வோங் ஹூவை எதற்கு இதற்குள் இழுக்கிறீர்கள்? அவர் பெட்டியைத் திறந்து உள்ளே கை வைத்தவர். இந்தப் பையன், மற்றவர்கள் பெட்டியைப் பிரிக்கிற வீடியோவைப் பார்க்கிறவன். கடைத்தெருவில் வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் தொழில்நுட்ப ஆர்வமா?

நான் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2026 சனவரியிலிருந்து பள்ளி நேரம் முழுக்க, இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்சும் கூடாது என்பது கல்வி அமைச்சின் விதி. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது பகல் முழுக்கப் பையில் தூங்கும். பேருந்து நிறுத்தத்தில் நாலு பேருக்குக் காட்டத்தான் உதவும். பள்ளிக்குத் தேவையான கற்றல் சாதனத்தை, மாணவர் கல்விக்கு அரசாங்கம் போடுகிற எடுசேவ் பணத்திலேயே வாங்கியாயிற்று. இதற்கு மேல் என்ன அவசரம்?

ஓ லெவல் தம்பி
அக்கா, எனக்குப் பதினாறு வயது, அந்தப் பையன் தரப்பில் ஒருவராவது பேச வேண்டும் இல்லையா. காட்டுவதற்காகத்தான் வாங்குகிறோம் என்று எல்லாரும் முடிவுகட்டி விடுகிறீர்கள். நான் இதுவரை கடையில் புதுப் போன் வாங்கியதே கிடையாது. எல்லாம் கரோசல் என்கிற பழைய பொருள் விற்கும் செயலியில்தான். ஒருவர் சலித்துப்போய் விற்பதை வாங்கி, ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். கைவிட்டுப் போவது நூறு வெள்ளிக்குள்தான்.

எம்ஆர்டி நிலையத்தில் ஆளைச் சந்தித்தால் முதலில் பேட்டரி எத்தனை விழுக்காடு தேயாமல் இருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் திரை அசல்தானா, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, ஐபோன் என்றால் விற்பவர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று பார்ப்பேன். வெளியேறாமல் கொடுத்தால் போன் பூட்டியே கிடக்கும், அது வெறும் செங்கல்தான். ஒருமுறை ஓர் அங்கிள் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். ரயில் தடுப்புக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் கணக்கை மீட்டுக் கொடுத்த பிறகுதான் காசைக் கொடுத்தேன். இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

தெம்பனிஸ் அக்கா
தம்பி, நீ சொல்வது வியாபாரம். நன்றாகவே செய்கிறாய், மறுக்கவில்லை. செங்காங் அண்ணன் கேட்டது வேறு.

பிடோக் காற்று
குப்பையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். ஆளுக்கு 70 கைப்பேசி தூக்கிப் போடுவதற்குச் சமமாம். 2021 ஜூலையிலிருந்து தயாரிப்பாளர்களே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தும், நம் வீட்டு மேசை இழுப்பறைகளில் எத்தனை செத்த போன் கிடக்கிறது?

ஓ லெவல் தம்பி
அந்த 60,000 டன்னில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்தி. போன் இருநூறு கிராம்தான். நான் விற்ற போன் எதுவும் குப்பைக்குப் போகவில்லை, வேறொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிடோக் காற்று
எடையை வைத்துக் கணக்குப் போடாதே தம்பி. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. ஆப்பிளின் அறிக்கைகளே இதைச் சொல்கின்றன. நீ பழையதை வாங்குவதால்தானே உனக்கு விற்பவர் துணிந்து புதியதை வாங்குகிறார்? 2024ல் வந்த சாம்சங் எஸ்24க்கு ஏழு வருடம் மென்பொருள் தருகிறார்கள். ஏழு வருடம் ஓடுகிற பொருளை ஒரு வருடத்தில் கைமாற்ற என்ன முடை?

பழைய சிம்லிம்
பையன் பக்கம்தான் நான். ஆனால் மடங்குகிற போன் மட்டும் வேண்டாம் அண்ணே. 2019ல் சாம்சங் முதல் ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தபோது, சிலர் மேலே இருந்த படலத்தை வெறும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். திரை செத்தது, வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் உள்திரை போனால் மாற்றுகிற செலவில் நல்ல சாதா போன் ஒன்றே வாங்கலாம்.

செங்காங் அப்பா
அந்தப் படலக் கதையை அவனிடம் இப்போதுதான் சொன்னேன். எந்த விமர்சகர் உரித்தார் என்பது வரைக்கும் அவனே சொல்கிறான்! உள்திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குத்தான் பதிலே இல்லை. அதனால் கரோசலிலேயே பழைய ஃபோல்ட் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம்.

பழைய சிம்லிம்
அதில்தான் சிக்கல். 2012ல் வந்த, பழுதான பொருள் வாங்கியவரைப் பாதுகாக்கிற லெமன் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே இருந்த பழுதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது உண்டு. தனியாள் தனியாளுக்கு விற்றால் கிடையாது. மடங்கும் போன்தான் என்றால் ரசீது தருகிற கடையாகப் பாருங்கள், ஐம்பது அறுபது வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.

தெம்பனிஸ் அக்கா
வாங்கலாமா வேண்டாமா என்று ஆரம்பித்து எங்கே வாங்கலாம் என்பதில் வந்து நிற்கிறீர்கள். என் ஓட்டு இன்னும் வேண்டாம்தான்.