மைக்கோபிளாஸ்மா ஜெனிற்றாலியம் பரிசோதனை எங்கே செய்யலாம்?

வணக்கம். பெயர் போடாமல் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம்.

சலம் போகும்போது எரிவு, கொஞ்சம் கசிவு. தனியார் டொக்டர் ஒருவர் ஊசியும், ஒரே தடவையில் விழுங்க அசித்ரோமைசின் ஒரு கிராமும் தந்தார். கோணோறியா, கிளமீடியா என்ற பாலியல் தொற்றுகள் இரண்டும் இல்லை என்று றிப்போட் வந்தது. எரிவு மட்டும் நிற்கவில்லை. "தண்ணி நல்லாக் குடியுங்கோ" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

என் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா ஜெனிற்றாலியம் மேல். 1980களின் தொடக்கத்தில் அடையாளம் கண்ட, பாலுறவால் தொற்றுகிற பக்டீரியா இது. கலச்சுவர் கிடையாது, ஆகவே அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்து எதுவும் இதனிடம் எடுபடாது. கல்ச்சர் போட்டால், அதாவது ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால், வளர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதன் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் பரிசோதனைதான் வழி. ஒற்றை டோஸ் அசித்ரோமைசின், அந்த மருந்துக்கே மசியாத எதிர்ப்பை இந்தப் பக்டீரியாவில் வளர்த்துவிடுகிறதாம். அதனால் இப்போது முதலில் டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை 7 நாள். அப்புறம் எதிர்ப்புப் பரிசோதனை முடிவைப் பார்த்து அசித்ரோமைசினோ மொக்சிஃபுளொக்சசினோ. பாமசியில் வாங்கி நானே விழுங்க விருப்பமில்லை.

அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போகத்தான் இருக்கிறேன். இலவசம், இரகசியம் காப்பார்கள், சரி. அங்கிருந்து இந்தப் பிசிஆருக்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புவார்களா, இல்லை நானே போகவேண்டுமா? எதிர்ப்பையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வுகூடம் எது? மனைவிக்கு ஒரு குறிகுணமும் இல்லை. அவவையும் அதே நாளில் பார்ப்பார்களா?

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கோ. கசாயம் சொல்ல வருபவர்கள் மன்னிக்கவும்.