டீலர் பண்ற ‘சாஃப்ட்வேர் அப்டேட்’டுக்குத் தமிழ்ச் சொல்: நிரலேற்றம்? இற்றைப்படுத்தல்? மறுநிரலாக்கம்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

பிஎஸ்6 (இந்தியாவோட புகை மாசு விதி) லாரிக்கு செக் லைட் எரிஞ்சா ஷோரூம்ல லேப்டாப்ப மாட்டி ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பண்றாங்களே அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுன்னு நம்ம கலைச்சொல் குழுவுல அண்ணா ஒருத்தர் கேட்டதுக்கு இதுவரைக்கும் மூணு பரிந்துரை வந்திருக்கு, மூணுக்கும் கீழ தனித்தனியா பதில் எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாடி அங்க என்ன வேலை நடக்குதுன்னு கொஞ்சம் விரிவாவே எழுதணும்னு தோணுது, ஏன்னா இதுவரை வந்த மடல் எல்லாமே அத ஒரே வேலைன்னு நினைச்சு எழுதினதா இருக்கு. அது ஒரே வேலை கிடையாதுங்க.

2020 ஏப்ரல் 1லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ்6, நடுவுல பிஎஸ்5ஐயே தாண்டி வந்தோம். பெரிய டீசல் இன்ஜினுக்கு பிஎஸ்4ல கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் வரைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம், பிஎஸ்6ல அது 0.4 கிராம். இத்தனை இறக்கணும்னா இன்ஜின மட்டும் சரி பண்ணி முடியாது, அதனாலதான் சைலன்சர் இருந்த இடத்துல ஒரு சின்ன ரசாயன ஆலையே வந்து உக்காந்திருக்கு. புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு, அதுக்கப்புறம் யூரியா கரைசல (நூத்துக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி) பீச்சி நைட்ரஜன் ஆக்சைட முறிக்கிற கேட்டலிஸ்ட் ஒண்ணு, உள்ள போற புகையையும் வெளிய வர்ற புகையையும் அளக்க சென்சார். எப்ப பீச்சணும், எவ்வளவு பீச்சணும், கரி எந்த அளவு சேர்ந்தா அத 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிக்கணும், இதெல்லாம் முடிவு பண்றது இசியுங்கற இன்ஜின் கம்ப்யூட்டர், அதுக்குள்ள இருக்கிற புரோகிராம். புகை சூடாகாம யூரியாவ பீச்சினா அது வெள்ளையா படிஞ்சு குழாயவே அடைச்சுரும், ஊருக்குள்ளயே சுத்தற டிப்பருக்கும் பஸ்ஸுக்கும் இந்தத் தொல்லை ஜாஸ்தி, ஹைவேல சேலத்துலேர்ந்து நாக்பூர் வரைக்கும் ஒரே சீரா போற வண்டிக்கு அவ்வளவா வராது. அதனாலதான் கம்பெனிக்காரங்க வண்டி வித்த பிறகும் அந்தக் கணக்க மாத்தி மாத்தி அனுப்பறாங்க.

இப்ப வண்டி இழுக்கலைன்னு டிரைவர் ஷோரூமுக்குக் கொண்டு போறாரு, லேப்டாப்ப மாட்டறாங்க. அங்க நடக்கக்கூடியது குறைஞ்சது நாலு. ஒண்ணு, ஃபால்ட் கோட (இசியு பதிஞ்சு வச்ச கோளாறுக் குறிய) அழிக்கறது, அவ்வளவுதான், வேற எதுவும் மாறாது. இன்னொண்ணு, வண்டிய நிறுத்தி வச்சு ஃபில்டர்ல இருக்கிற கரிய எரிய வைக்கறது. அப்புறம் சென்சாரோ இன்ஜெக்டரோ புதுசு மாத்தினா பழசுக்குப் பழகி வச்சிருந்த எண்கள அழிச்சு புதுசுக்குப் பழக்கறது. நாலாவதுதான் நெசமாவே சாஃப்ட்வேர மாத்தறது: சேசிஸ் நம்பர குடுத்து கம்பெனி சர்வர்லேர்ந்து அந்த வண்டிக்குன்னு இருக்கிற ஃபைல இறக்கி, பேட்டரி வோல்ட்டேஜ் விழாம இருக்க சார்ஜர் போட்டு வச்சு, இசியு நினைவகத்துல இருக்கிறத அழிச்சு எழுதறது. நடுவுல வயர் கழண்டா இசியு எந்திரிக்காமயே போக வாய்ப்பிருக்கு, அதனால இது சாதாரண வேலை இல்ல. ஆனா ஜாப் கார்டுல இந்த நாலுக்குமே ‘சாஃப்ட்வேர் அப்டேட் டன்’னு ஒரே வரியில எழுதிக் குடுக்கறத நிறைய பாத்திருக்கேன். ஓனருக்கு என்ன தெரியும், அதே லைட் மறுபடி எரிஞ்சா ‘போன தடவையே அப்டேட் பண்ணியாச்சுங்களே’ன்னு சொல்லுவாங்க, இவரு அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியாம நிப்பாரு. வாரன்டி பேச்சு வந்தா இன்னும் கஷ்டம். எனக்கு இந்தக் கலைச்சொல் வேணுங்கறது இதுக்காகத்தான், அகராதியில ஒரு வரி கூடட்டும்னு இல்ல.

இனி பரிந்துரைகளுக்கு வர்றேன்.

> அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல்னு விக்கிப்பீடியாவுலயும் இலங்கையிலயும் பல வருசமா புழக்கத்துல இருக்கு, அதையே வச்சுக்கலாமே.

போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அது அருமையான சொல்லுங்க ஐயா, இன்றைய நிலைக்குக் கொண்டு வர்றதுங்கற பொருள் அப்படியே உள்ள இருக்கு. ஆனா இங்க எல்லா நேரமும் புதுசு ஏறறது இல்ல. இசியு கெட்டு வேற மாட்டினா பழைய பதிப்பையே திரும்ப எழுதலாம், அதே இன்ஜின வேற குதிரைத்திறன்ல ஓட்டற மாடலா இருந்தா அதுக்கான ஃபைல் எழுதலாம், புதுசு சரியா வரலைன்னா முந்தினதுக்கே திரும்பலாம். இதுல எதையும் இற்றைன்னு சொல்ல முடியாது. செயலுக்கு ஒரு பேரு வேணும், அதோட நோக்கத்துக்கு வேற பேரு. புதுப் பதிப்பு ஏறும்போது மட்டும் இற்றைப்படுத்தல்னு தாராளமா சொல்லலாம்.

> ரீபுரோகிராமிங் தானே, மறுநிரலாக்கம்னு சொல்லிட்டா போச்சு.

ஆக்கம்னா உண்டாக்கறது. ஷோரூம்ல இருக்கிற தம்பி நிரல உண்டாக்கல, அதுல ஒரு எழுத்தக்கூட அவர் தொடல, தொட விடவும் மாட்டாங்க. நிரல் ஆக்கப்படறது கம்பெனியிலயும் இசியு செஞ்சு குடுக்கறவங்ககிட்டயும். யாரு ஆக்கினாங்க யாரு ஏத்தினாங்கங்கறது பின்னாடி பொறுப்பு யாருதுன்னு கேக்கும்போது முக்கியமாகும், அதனால இந்த ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள போடக்கூடாதுன்னு நினைக்கறேன்.

> ஃபிளாஷ் பண்றதுன்னு சொல்றாங்க, அதனால மின்னிப்பதிவு.

ஃபிளாஷ்ங்கறது அந்த நினைவகத்தோட வகைப்பேரு, பெரிய பகுதிய ஒரே வீச்சுல அழிக்கறதால அந்தப் பேரு வந்துச்சு. மின்னின்னு வச்சா படிக்கிறவருக்கு மின்னல் ஞாபகம் வரும், இல்லன்னா மின்சாரம், ரெண்டுமே வேலைய சொல்லல. நாளைக்கு நினைவக வகை மாறினாலும் சொல்லு நிக்கணும்.

என்னோட பரிந்துரை நிரலேற்றம். இது நான் புதுசா யோசிச்சதுகூட இல்ல, நாமக்கல் சங்ககிரி பக்கம் ‘சாஃப்ட்வேர் ஏத்தணும்’, ‘ஏத்திட்டாங்களா’ன்னுதான் பேசிக்கறாங்க, வினைச்சொல் ஏற்கெனவே வாயில இருக்கு. நிரல்ங்கறதும் ஊன்றிப் போன சொல். வெறும் ஏற்றம்னோ மறுவேற்றம்னோ வச்சா லாரித் தொழில்ல அது லோடு ஏத்தறதுன்னுதான் ஆகும், இறக்கி மறுபடி ஏத்தினாங்களான்னு கேப்பாங்க, அதனால நிரல்ங்கற முன்சொல் கட்டாயம் வேணும். நிரலேற்றி (அந்தக் கருவி), நிரலேற்றிய நாள், நிரலேற்றுநர்னு கிளைச்சொல்லும் சிரமமில்லாம வருது.

ஆனா நிரலேற்றம் மட்டும் போதாதுங்க. இதுக்கடுத்து கேலிபரேஷன்னு ஒண்ணு வருது, அதுக்கு இந்தக் குழுவுலயே முன்னாடி அளவுத்திருத்தம்னு ஒத்துக்கிட்டோம். எடைமேடைக்கும் பிரஷர் கேஜுக்கும் அது பொருந்தும், கருவி தப்பா காட்டுது அத சரியான அளவோட ஒப்பிட்டுத் திருத்தறோம். இசியுல கேலிபரேஷன்னு சொல்றது வேற. புரோகிராம் அப்படியே இருக்கும், அது பாத்து நடக்க வேண்டிய ஆயிரக்கணக்கான எண்கள் அட்டவணை அட்டவணையா தனியா இருக்கும்: இந்த வேகம் இந்த லோடுன்னா இவ்வளவு டீசல், இந்த சூடுன்னா இவ்வளவு யூரியா, கரி இந்த அளவு வந்தா எரி. பல நேரம் டீலர்கிட்ட மாறறது இந்த எண்கள்தான். அதுக்கு அமைவெண்கள்னும், மொத்தமா அமைவெண் தொகுப்புன்னும் வைக்கலாம்னு சொல்றேன். அமைவுங்கறது செட்டிங்குக்கு ஏற்கெனவே நாம பயன்படுத்தறதுதான்.

இந்த எண்கள் எவ்வளவு பெரிய விசயம்ங்கறதுக்கு நம்ம வண்டியிலேயே இருக்கிற உதாரணம்: நம்ம பிஎஸ்6 விதிகள் யூரோ 6ஐத் தழுவினது, அந்த யூரோ 6 விதிப்படி யூரியா டேங்க் 10 சதவீதத்துக்கு இறங்கறதுக்குள்ள எச்சரிக்கை வரணும், 2.5 சதவீதத்துல டார்க் (இன்ஜினோட இழுவிசை) 25 சதவீதம் குறையணும், டேங்க் காலியானா கடைசியா மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல வண்டி போகக்கூடாது. மட்டமான யூரியா ஊத்தியிருந்தா இன்ஜின் ஓடின நேரம் 10 மணியில டார்க் குறைப்பு, 20 மணியில அந்த 20 கிலோமீட்டர் கட்டு. அமெரிக்காவுல இதவிடக் கடுமை, 4 மணி நேரத்துக்குள்ள மணிக்கு 5 மைல் வரைக்கும் இறக்கிவிடற வண்டி இருந்துச்சு, டிரைவர்களும் விவசாயிகளும் ரொம்ப நாளா முறையிட்டு 2025 ஆகஸ்ட்ல அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த வரம்பத் தளர்த்தச் சொல்லி, ஏற்கெனவே ஓடற வண்டிக்கும் மாத்தின சாஃப்ட்வேர் குடுங்கன்னு கம்பெனிகளக் கேட்டுக்கிச்சு. பாருங்க, ஒரு இரும்பு பாகம்கூட மாறல, மணியும் மைலும் மட்டும் மாறுது, அது வண்டிக்கு வந்து சேர ஒரே வழி நிரலேற்றம்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. கம்மின்ஸ்ங்கற இன்ஜின் கம்பெனி மேல அமெரிக்க அரசு, 2013லேர்ந்து 2019 வரைக்குமான மாடல் ராம் பிக்அப் வண்டிகள்ல, சுமார் 6.3 லட்சம் வண்டி, மாசுக் கட்டுப்பாட்ட ஏமாத்தற சாஃப்ட்வேர் இருந்துச்சுன்னு குற்றஞ்சாட்டி, தப்பு பண்ணோம்னு அவங்க ஒத்துக்காமலே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு சம்மதிச்சது 2023 டிசம்பர்ல வெளிய வந்துச்சு. 2015ல ஃபோக்ஸ்வேகன் கார்ல இதே மாதிரி ஏமாத்தற சாஃப்ட்வேர் இருந்த விசயம் வெடிச்சப்ப இந்தியாவுலயும் 3.23 லட்சம் கார் திரும்பக் கூப்பிட்டாங்க, தீர்வுன்னு சொன்னதும் சாஃப்ட்வேர்தான். கோளாறும் அந்த எண்கள்ல, சீராக்கறதும் அந்த எண்கள்லன்னு இருக்கும்போது அதுக்குன்னு தமிழ்ல தனிப்பேரு இல்லாம செய்தி எழுதறவங்க எல்லாத்தையும் மென்பொருள்னு ஒரே சொல்லால தாண்டிப் போயிடறாங்க, படிக்கிறவருக்கு என்ன மாறுச்சுன்னு புரியறதே இல்ல.

இதுல நடைமுறைக்கு ரொம்ப உதவறது ஒண்ணு இருக்கு. ஓபிடி (வண்டி தன் கோளாறத் தானே கண்டுபிடிச்சுச் சொல்ற ஏற்பாடு) தரத்துல ஒவ்வொரு அமைவெண் தொகுப்புக்கும் ஒரு அடையாளக் குறியும், உள்ள இருக்கிற எண்கள வச்சுக் கணக்குப் போட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் வெளிய காட்டணும்னு ஏற்பாடு இருக்கு, கொஞ்சம் நல்ல ஸ்கேனர் இருந்தா வெளி மெக்கானிக்கே அதப் படிச்சுரலாம். ஷோரூமுக்கு விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை குறிச்சு வச்சுக்கிட்டா போதும். ரெண்டும் அதே எண்ணா இருந்தா நிரலும் அமைவெண்ணும் மாறல, பெரும்பாலும் மேல சொன்ன மத்த மூணுல ஏதோ ஒண்ணுதான் நடந்திருக்குன்னு அர்த்தம். அந்த அடையாளக் குறிக்கு தொகுப்புக் குறின்னும், சரிபார்ப்பு எண்ணுக்கு சரிபார்ப்பெண்னும் வைக்கலாம். ‘அண்ணே, நிரலேற்றம் பண்ணீங்களா, புதுத் தொகுப்புக் குறி என்ன, கார்டுல எழுதிக் குடுங்க’ன்னு ஒரு ஓனர் கேக்க முடிஞ்சா அந்த இடத்துலயே பேச்சு வேற மாதிரி ஆகும்.

மிச்ச சொற்கள வேகமா சொல்லிடறேன். டீரேட்டுக்கு, அதாவது அந்த டார்க் குறைப்புக்கு, விசைமுடக்கம்னு வந்திருந்துச்சு, முடக்கம்னா முழுசா நின்ன மாதிரி இருக்கு, டிரைவர்கள் இழுவைன்னுதான் சொல்றாங்க, அதனால இழுவைக் குறைப்பு. 20 கிலோமீட்டர் கட்டுக்கு தவழ்வேகம். ரீஜெனுக்கு (ஃபில்டர்ல சேர்ந்த கரிய எரிக்கறதுக்கு) கரியெரிப்பு, ஓடும்போது தானா நடக்கறது தன்னியக்கக் கரியெரிப்பு, நிறுத்தி வச்சு பண்றது நிறுத்தக் கரியெரிப்பு. கோட அழிக்கறதுக்கு பிழைக்குறி நீக்கம், பழக்கறதுக்கு கற்றெண் அழிப்புன்னு வச்சிருக்கேன், இந்தக் கடைசிச் சொல் எனக்கே முழுத் திருப்தி இல்ல, நல்லதா தோணினா சொல்லுங்க.

ரீமேப்ப (வெளியாளுங்க இசியுவ மாத்தி எழுதறது) பத்தி தங்கச்சி கேட்டிருந்தீங்க. செயல் அளவுல அதுவும் நிரலேற்றம்தான்ம்மா, அதே இசியு, அதே மாதிரி எழுதறது. வேறுபாடு ஏத்தற தொகுப்பு யாரு அங்கீகரிச்சதுங்கறதுல இருக்கு. யூரியாவே வேண்டாம்னு ஆக்கித் தர்றேன்னு சொல்றவங்க ஏத்தறது அங்கீகாரம் இல்லாத தொகுப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி குடுத்த அமைப்பிலேர்ந்து வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, வாரன்டியும் போயிரும், அந்தப் புகைய சுவாசிக்கறது நம்ம ரோட்டோர ஊருக்காரங்க. அதனால ‘புறநிரலேற்றம்’னு ஒரு சொல் தனியா வைக்கலாம், கம்பெனி வழியா வர்றதோட கலக்கவே கூடாது.

மெக்கானிக் யாரும் இதெல்லாம் வாயால சொல்ல மாட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. சொல்ல வேண்டாம்ங்க. பஸ்ஸுன்னுதான் எல்லாரும் சொல்றோம், ஆனா நிலையத்துப் பலகையிலயும் அரசாணையிலயும் பேருந்துன்னு எழுதினா புரியாதவங்க இல்ல. இந்தச் சொல்லு வேண்டியது ஜாப் கார்டு, ஓனர் மேனுவல், புகார்க் கடிதம், செய்தி, இதுல எல்லாம்.

விக்கியில பக்கம் தொடங்கறேன்னு சொன்ன நண்பர் இந்த ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்குங்க. சர்வீஸ் சென்டர்ல வேலை பாக்கறவங்க இந்தக் குழுவுல ரெண்டு மூணு பேரு இருக்கீங்க, உங்க ஜாப் கார்டுல தொகுப்புக் குறி முன்/பின்னு ரெண்டு கட்டம் சேர்க்க இடம் இருக்குமா, இல்ல கைல எழுதித்தான் ஆகணுமான்னு சொல்லுங்க. கற்றெண் அழிப்புக்கு மாற்றுச் சொல்லும் எதிர்பாக்கறேன்.